மூளைக் காயத்துக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவில்: எந்தக் காகிதம், எங்கே, எத்தனை நாளுக்குள்

வீட்டில் ஒருவருக்குத் தலையில் பலத்த அடி. உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள், டிஸ்சார்ஜ் தேதியும் வந்துவிட்டது. அடுத்து எங்கே போவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இந்த நிலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

நான் தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி டர்பனுக்கு வந்தவள். கணவர் ஓட்டிய காரில் போகும்போது நடந்த விபத்தில் தலையில் அடிபட்டது. நடையும் பேச்சும் சீக்கிரமே திரும்பிவிட்டன. நினைவும் கவனமும் பொறுமையும் அப்படித் திரும்பவில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு நான் நன்றாகவே இருந்தேன். ஒவ்வொரு அலுவலகத்திலும் அதுதான் பெரிய சிக்கல். வெளியே தெரியாத காயத்தைக் காகிதத்தில் காட்டியாக வேண்டும். அதற்கான வரிசை இது.

1. டிஸ்சார்ஜுக்கு முன்பே வார்டில் கேட்டு வாங்குங்கள்

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த் ஆர்.கே.கான் மருத்துவமனையிலோ ஃபீனிக்ஸ் மகாத்மா காந்தி மருத்துவமனையிலோ முதலில் சேர்த்து, தலைக்காயம் என்றதும் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனைக்கு மாற்றுவது உண்டு. இடம் மாறும்போது காகிதங்களும் பிரிந்துபோகும். அதனால் ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகக் கேளுங்கள்: ஆம்புலன்ஸ்காரர்கள் எழுதிய தாள், அவசரப் பிரிவுக் குறிப்பு, சி.டி. ஸ்கேன் அறிக்கை, படங்கள் உள்ள டிஸ்க், அறுவை செய்திருந்தால் அதன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சுருக்கம்.

இவற்றில் ஆம்புலன்ஸ் தாள்தான் பின்னாளில் அதிகம் பேசப்படும். கிளாஸ்கோ கோமா அளவுகோல் என்று ஓர் எண் அதில் இருக்கும். 15 என்றால் முழு விழிப்பு. 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமை. எண் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். சாலையோரத்தில் 9 இருந்தவருக்கு, மருத்துவமனையில் சில மணி நேரம் கழித்து 14 என்று எழுதியிருக்கலாம். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் அந்த 14 மட்டும் ஏறிவிட்டால் 'லேசான தலைக்காயம்' என்ற வார்த்தை பல வருடங்களுக்குக் கூடவே வரும். விபத்துக்குப் பிறகு எத்தனை நாள் எதுவும் நினைவில் பதியவில்லை என்பதும் அதே அளவுக்கு முக்கியம். அது கோப்பில் இல்லையென்றால் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். தகவல் பெறும் உரிமைச் சட்டம் (2000-ஆம் ஆண்டின் 2-ஆம் எண் சட்டம்) இருக்கிறது. அதன் 'படிவம் 2'-ஐ நிரப்பி மருத்துவமனையில் கொடுத்து, வாங்கியதற்கு முத்திரை போடச் சொல்லுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வந்தாக வேண்டும். செலவு பெரும்பாலும் நகல் எடுக்கும் காசுதான்.

தனியார் மருத்துவமனை என்றால், மெடிக்கல் எய்டின் (தனியார் மருத்துவத் திட்டத்தின்) கேஸ் மேனேஜர் யார் என்று கேட்டு அவரிடம் ஒரு கேள்வி: "இந்தச் சிகிச்சை குறைந்தபட்சக் கட்டாயப் பலன்களில் வருகிறதா?" பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். மறுவாழ்வுச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினால், மருத்துவத் திட்டங்களைக் கண்காணிக்கும் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

2. காவல் நிலையம்

விபத்து அறிக்கையின் நகலும் வழக்கு எண்ணும் வேண்டும். நீங்கள் படுக்கையில் இருக்கும்போது வீட்டார் போய் வாங்கலாம். ஓட்டுநர்களின் பெயர், வண்டி எண்கள், சாட்சிகள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். சத்தியப் பிரமாண வாக்குமூலமும் நகல்களுக்குச் சான்று முத்திரையும் காவல் நிலையத்தில் இலவசம். மூன்று மாதத்துக்கு மேல் பழைய சான்று நகலைப் பல அலுவலகங்கள் வாங்குவதில்லை. மொத்தமாக எடுத்து அடுக்கி வைப்பதில் பயனில்லை, தேவைப்படும்போது எடுங்கள்.

3. குறிப்பேடு: காயம்பட்டவர் ஒன்று, வீட்டார் ஒன்று

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். தேதி, என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். "மறதி அதிகம்" என்று எழுதினால் எந்த மருத்துவருக்கும் பயனில்லை. "செவ்வாய்: அடுப்பில் பருப்பை வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். நாத்தனார் புகையைப் பார்த்து ஓடிவந்தார்" என்று எழுதுங்கள். "சனி: கடையில் சத்தம் தாங்கவில்லை, கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன், மாலை முழுவதும் தூக்கம்." "பிள்ளை ஒரே கேள்வியை இரண்டாவது தடவை கேட்டான், கத்திவிட்டேன்." கடைசி வகைக் குறிப்பை எழுதுவதுதான் கஷ்டம், வெட்கமாக இருக்கும். ஆனால் கோபமும் எரிச்சலும் காயத்தின் பகுதி. எழுதாவிட்டால் அதற்கு மருத்துவமும் கிடைக்காது.

வீட்டார் தனி நோட்டு வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூளைக் காயத்தில் தன் குறை தனக்கே தெரியாமல் போவது சாதாரணம். நான் சமாளிக்கிறேன் என்று நானே நம்பிய மாதங்களில் என் நாத்தனாரின் நோட்டு வேறு கதை சொன்னது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதாதீர்கள். இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்பதே நிபுணருக்குத் தகவல்.

உடன் வேலை செய்தவர், பக்கத்து வீட்டுக்காரர், கோயில் கமிட்டியில் தெரிந்தவர் என உறவு அல்லாத ஒருவரிடமும் முன்பு எப்படி இருந்தீர்கள், இப்போது எப்படி என்று ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். குடும்பத்தார் சொல்வதைவிட அதற்கு எடை அதிகம்.

4. நரம்பு உளவியல் மதிப்பீடு

ஸ்கேன் மூளையின் உருவத்தைக் காட்டும். நினைவு, கவனம், திட்டமிடல், வேகம் இவற்றை அளப்பது நரம்பு உளவியலாளரின் பரிசோதனை. பல மணி நேரம் எடுக்கும். தனியாரில் பல ஆயிரம் ரேண்ட் ஆகும். அரசு மருத்துவமனையில் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் காத்திருக்க வேண்டும். முதல் வருடத்துக்குள் ஒன்று எடுத்துவிட்டால் அடிப்படை அளவு கிடைக்கும். இழப்பீட்டுக்கான கடைசி மதிப்பீட்டைப் பெரும்பாலும் நிலைமை ஒரு நிலைக்கு வந்த பிறகு, ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் செய்வார்கள்.

தமிழர்கள் இங்கே கவனிக்க வேண்டியது மொழி. பரிசோதனை ஆங்கிலத்தில் நடக்கும். வார்த்தைப் பட்டியலைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது போன்ற பகுதிகளில், தமிழிலேயே படித்து வளர்ந்தவரின் மதிப்பெண் குறையும். பிறகு இழப்பீடு கேட்கும்போது எதிர்த்தரப்பு நிபுணர் "இது காயத்தால் அல்ல, ஆங்கிலம் போதாததால்" என்று எழுதிவிடலாம். எனவே உங்கள் முதல் மொழி தமிழ் என்பதை அறிக்கையில் குறிக்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் தேதி குறிக்கும்போதே கேளுங்கள். கணவரோ மாமியாரோ அந்த வேலையைச் செய்ய வேண்டாம், அன்பினால் பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

காயத்துக்கு முன் உங்கள் திறன் என்ன என்பதைப் பழைய பள்ளி, கல்லூரிப் பதிவுகளை வைத்துத்தான் கணிப்பார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பட்டம், சம்பளச் சீட்டுகள் ஊரில் இருந்தால் இப்போதே அனுப்பச் சொல்லுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் என்றால் பள்ளி அறிக்கைகள், முடிந்தவரை எல்லா வருடத்துக்கும்.

வீட்டுப் பெரியவர்கள் "உளவியல்" என்றதும் தயங்குவார்கள், பைத்தியம் என்று ஊர் பேசுமோ என்று. உடைந்த காலுக்கு எக்ஸ்ரே எடுப்பது போலத்தான் இதுவும் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். தயக்கத்தில் ஒரு வருடம் போனால் அந்த வருடத்தின் அளவு எப்போதும் கிடைக்காது.

5. சாலை விபத்து நிதியில் கோரிக்கை

சாலையில் இன்னொரு ஓட்டுநரின் தவறால் அடிபட்டவர்களுக்கு ஆர்.ஏ.எஃப். எனப்படும் சாலை விபத்து நிதி இருக்கிறது. கெடு: ஓட்டுநர் யார் என்று தெரிந்தால் விபத்து நாளிலிருந்து 3 வருடம். மோதிவிட்டு ஓடிவிட்டால் 2 வருடம். தெரிந்த ஓட்டுநர் என்றால், நேரத்தில் கொடுத்த கோரிக்கை முடியாவிட்டால் விபத்து நாளிலிருந்து 5 வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். இந்த மூன்றில் உங்களுக்குப் பொருந்துவதைச் சுவர் நாட்காட்டியில் எழுதுங்கள்.

கணவனோ மகனோ ஓட்டிய வண்டியில் பயணியாக இருந்த பெண்கள் கோரிக்கையே போடாமல் விட்டுவிடுவதை நிறையப் பார்க்கிறேன். "வீட்டுக்காரர் மேலேயே கேஸ் போடுவதா?" என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். கோரிக்கை நிதியின் மேல்தான். ஓட்டியவர் தன் கையிலிருந்து தருவதில்லை, பொதுவாக அவர் மேல் தனியாக வழக்குப் போடவும் சட்டம் விடுவதில்லை. பயணிக்கு இந்த உரிமை உறுதியானது. ஓட்டியவரின் தவறு சிறிதளவு நிரூபணமானாலும் போதும்.

படிவம் ஆர்.ஏ.எஃப்.1. அதன் மருத்துவப் பகுதியைச் சிகிச்சை தந்த மருத்துவரோ மருத்துவமனையோ நிரப்ப வேண்டும், அதற்கே வாரக்கணக்கில் ஆகும். வலி, வேதனை, வாழ்க்கைச் சுக இழப்பு ஆகியவற்றுக்கான இழப்பீடு வேண்டுமானால் காயம் 'கடுமையானது' என்று ஆர்.ஏ.எஃப்.4 படிவத்தில் ஒரு மருத்துவர் சான்று தர வேண்டும். உடல் முழுவதுக்குமான பாதிப்பு 30 சதவீதம் இருந்தால் அது கடுமை. நம் மாதிரிப் பலர் இங்கேதான் மனம் விட்டுவிடுகிறார்கள், 20 சதவீதம்தான் வந்தது என்று. சதவீதம் எட்டாவிட்டாலும் இரண்டாவது வழி ஒன்று உண்டு. நீண்டகாலக் கடுமையான செயல் இழப்பு, கடுமையான நீண்டகால மன அல்லது நடத்தைப் பாதிப்பு ஆகியவையும் கடுமைக் காயமாகக் கொள்ளப்படும். அந்தப் பகுதியையும் நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். குறிப்பேடு முழுப் பயன் தருவது இங்கேதான். நிதி 'கடுமையல்ல' என்று மறுத்தால் 90 நாட்களுக்குள் ஆர்.ஏ.எஃப்.5 படிவத்தில் எதிர்ப்புத் தெரிவிக்கலாம்.

எதிர்காலச் சிகிச்சைக்கு ரொக்கத்துக்குப் பதிலாக ஓர் உறுதிச் சான்றிதழ் தருவார்கள். பல வருடம் கழித்து வலிப்பு வந்தால்கூட அதை வைத்துச் செலவைக் கேட்கலாம். பத்திரமாக வையுங்கள்.

வழக்கறிஞர் இல்லாமல் நேரடியாகவும் போடலாம், கட்டணம் இல்லை. டர்பனில் அலுவலகம் உண்டு. ஆனால் மூளைக் காயத்துக்கு நிபுணர் அறிக்கைகள் பல வேண்டும். அவற்றின் செலவை முன்கூட்டியே போடக்கூடிய வழக்கறிஞர் இருந்தால் நல்லது என்பதே என் கருத்து. வென்றால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வெற்றிக் கட்டணம் வழக்கமான கட்டணத்தைப் போல இரண்டு மடங்கையும் தாண்டக் கூடாது, கிடைக்கும் தொகையில் 25 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. கையெழுத்திட்டாலும் 14 நாட்களுக்குள் விலகலாம். வார்டுக்கே வந்து கட்டில் பக்கத்தில் நின்று கையெழுத்துக் கேட்பவரை அனுப்பிவிடுங்கள். அப்படி ஆள் பிடிப்பது வழக்கறிஞர் தொழில் விதிகளுக்கே எதிரானது. வசதியில்லாதவர்கள் அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்டிலும் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையங்களிலும் ஆலோசனை கேட்கலாம்.

வேலை நேரத்தில், வேலைக்காகப் போகும்போது நடந்த விபத்து என்றால் தொழிலாளர் இழப்பீட்டு நிதிக்கும் தெரிவிக்க வேண்டும். அதற்கும் தனிக் கெடு உண்டு.

6. வேலை

வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு மூன்று வருடச் சுழற்சியில் 30 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு. அது முடிந்ததும் யு.ஐ.எஃப். (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) நோய்ப் பலனுக்கு விண்ணப்பியுங்கள், சம்பளச் சீட்டில் மாதம் 1 சதவீதம் பிடிப்பது இதற்கும் சேர்த்துத்தான். வேலைக்குப் போக முடியாமல் போனதிலிருந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும். அப்புறம் ஓய்வூதிய நிதியோடு சேர்ந்து ஊனக் காப்பீடு இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். பலருக்கு இருக்கும், தெரியாமலே கெடு போய்விடும்.

திரும்பி வேலைக்குப் போகும்போது முழு நாளாகப் போகாதீர்கள். அரை நாள், ஒன்றுவிட்ட நாள் என்று தொழில்முறைச் சிகிச்சையாளரின் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) கடிதத்தோடு கேளுங்கள். சத்தம் குறைந்த இருக்கை, வாய்ச்சொல்லுக்குப் பதில் எழுத்தில் வேலை, மதியம் அரை மணி ஓய்வு. 1998-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டப்படி நியாயமான வசதி செய்து தருவது முதலாளியின் கடமை. உடல்நிலையைக் காட்டி நீக்குவதற்கு முன் விசாரித்து, மாற்று வேலை இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

"நீங்களே ராஜினாமா எழுதிவிட்டால் மரியாதையாக இருக்கும்" என்று என்னிடமும் சொன்னார்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். நீக்கிவிட்டால், வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ.வுக்கு 30 நாட்களுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

7. சாசா ஊனமுற்றோர் உதவித்தொகை

சாசா என்பது உதவித்தொகைகளைத் தரும் அரசு நிறுவனம். இந்தத் தொகை 18 முதல் 59 வயது வரை, குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் அகதிகளுக்கும். வேலை விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. வருமானம், சொத்து பார்ப்பார்கள். 2025-இல் மாதம் 2,300 ரேண்டுக்குச் சற்று மேல். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரையான பாதிப்புக்குத் தற்காலிகம், அதற்கு மேல் என்றால் நிரந்தரம். தற்காலிகம் தானாக நீளாது, முடிவதற்கு முன்பே திரும்ப விண்ணப்பியுங்கள்.

கொண்டுபோக வேண்டிய காகிதங்கள்: அடையாள அட்டை, திருமண நிலை, முகவரி, வருமானம், வங்கி அறிக்கை, மூன்று மாதத்துக்கு உட்பட்ட மருத்துவ அறிக்கை. மதிப்பீட்டு மருத்துவர் உங்களைப் பார்ப்பது கொஞ்ச நேரம்தான். நன்றாக உடுத்தி, காலையில் புத்துணர்ச்சியோடு போய் "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்வது நம் பழக்கம். அன்று மட்டும் அது வேண்டாம். மோசமான நாளில் என்ன நடக்கிறது என்பதைக் குறிப்பேட்டிலிருந்து படித்துச் சொல்லுங்கள். மறுத்தால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு. ஒப்புக்கொண்டால் விண்ணப்பித்த நாளிலிருந்தே பணம் கணக்காகும். எனவே எல்லாக் காகிதமும் சேரட்டும் என்று காத்திருக்காமல் விண்ணப்பத்தைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். யாராவது பணம் கேட்டால் மோசடி, விண்ணப்பம் இலவசம். உதவித்தொகை பெறுபவருக்கு அரசு மருத்துவமனையிலும் கட்டணம் கிடையாது. எப்போதும் ஓர் ஆள் துணை வேண்டும் என்றால் கூடுதல் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம்.

8. 'பவர்' எழுதிக் கொடுப்பது பற்றி

ஊரில் எல்லாவற்றுக்கும் பவர் எழுதிக் கொடுப்பார்கள். இங்கே கொடுத்தவரின் தீர்மானிக்கும் திறன் போய்விட்டால் அந்தப் பவரும் செல்லாது. அதற்குப் பிறகு இரண்டு வழி. அவருக்காக முடிவெடுக்க உயர் நீதிமன்றம் நியமிக்கும் கியூரேட்டர், செலவு அதிகம். அல்லது 2002-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் நியமிக்கும் நிர்வாகி, சில நிலைமைகளுக்கு மட்டும்.

காயம்பட்டவருக்கு நான் சொல்வது: உங்கள் பெயரில் யாராவது இதற்கு மனுப் போடுகிறார்கள் என்றால் உங்களைக் கேட்காமல் நடக்க விடாதீர்கள். கணக்குப் பார்ப்பது கஷ்டம், ஆனால் எங்கே வாழ்வது, யாரிடம் சிகிச்சை என்பதை முடிவெடுக்க முடியும் என்றால் அதைச் சொல்லுங்கள், மருத்துவரை எழுதவும் சொல்லுங்கள். அதிகாரத்தை ஒருமுறை கொடுத்தபின் திரும்பப் பெற மீண்டும் நீதிமன்றத்துக்கோ மாஸ்டர் அலுவலகத்துக்கோ போக வேண்டும்.

9. கவுண்டரிலும் மருத்துவர் அறையிலும்

ஒரு சிறிய அட்டை வைத்திருக்கிறேன்: எனக்கு மூளையில் காயம் ஏற்பட்டது, மெதுவாகப் பேசுங்கள், சொல்வதை எழுதித் தாருங்கள். வரிசையில் நின்று தலை சுற்றும்போது விளக்கம் சொல்ல முடியாது, அட்டையை நீட்டிவிடலாம். சந்திப்பைக் காலையில் வாங்குங்கள். கேட்க வேண்டியது மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம், தாளில் எழுதிக்கொண்டு போங்கள். துணைக்கு வருபவர் குறிப்பெடுக்கட்டும். மருத்துவர் அவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால் "டாக்டர், என்னிடம் சொல்லுங்கள், அவர் எழுதிக்கொள்வார்" என்று சொல்லத் தயங்காதீர்கள். எனக்கு முதலில் தொண்டை அடைத்தது, இப்போது இயல்பாக வருகிறது.

உறவினர்களிடமும் இதே நேர்மைதான். காவடித் திருவிழாவில் மேளமும் வெயிலும் கூட்டமும் என்னால் தாங்க முடியாது. காலையில் கூட்டம் சேர்வதற்கு முன் போய்க் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன், ஏன் என்று கேட்பவர்களுக்குக் காரணத்தையும் சொல்கிறேன்.

10. ஒரு வருடம் கழிந்த பின்

வேகமான முன்னேற்றம் முதல் மாதங்களில்தான், ஆனால் அது அங்கேயே நின்றுவிடுவதில்லை. பயிற்சியை விடாதீர்கள், மதுவைத் தொடாதீர்கள். வலிப்பு மாதங்கள், வருடங்கள் கழித்தும் முதன்முறை வரலாம். வந்தால் வண்டி ஓட்டுவதை உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். தீராத களைப்பும் மாதவிடாய்க் கோளாறும் இருந்தால் பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்களைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், தலைக்காயத்துக்குப் பின் இது அடிக்கடி கவனிக்கப்படாமல் போகிறது. வாசனை தெரியாமல் போயிருந்தால் வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவியும் கேஸ் கசிவுக் கருவியும் வையுங்கள்.

மனச்சோர்வு வந்தால், முக்கியமாக உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றினால், அன்றே யாரிடமாவது பேசுங்கள். மனநல உதவி தரும் சாடாக் அமைப்பின் இலவச எண் 0800 567 567.

வருமான வரி கட்டும் குடும்பம் என்றால், பாதிப்பு ஒரு வருடத்துக்கு மேல் நீடிக்கும் என்று ஐ.டி.ஆர்.-டி.டி. படிவத்தில் மருத்துவர் சான்று தந்தபின், கையிலிருந்து செய்த தகுதியான மருத்துவச் செலவில் 33.3 சதவீதம் வரிக் கழிவாகக் கிடைக்கும். அதற்கு ரசீதுகள் வேண்டும். மருந்துக் கடை, சிகிச்சையாளர், பயணம் எல்லாவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே ஓர் உறை போட்டு வையுங்கள். கேஸ் கசிவுக் கருவிக்கான ரசீதையும் அதிலேயே போடுங்கள், எது தகுதி என்பதை வரிக் கணக்கர் பார்த்துக்கொள்வார்.